மெதுவா போ, ஆனா அஞ்சு மணிக்குப் போயிரு

பி.காம் படிக்கும் நண்பர்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடம் நினைவிருக்கும். ஒரு லாரி இத்தனை டன் ஏற்றிக்கொண்டு அ ஊரிலிருந்து ஆ ஊருக்குப் போகிறது, பாதிச் சுமையோடு திரும்புகிறது, மாதம் 25 நாள் ஓடுகிறது, ஒரு டன்-கிலோமீட்டருக்கு அடக்கவிலை என்ன? இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் நிலைச் செலவு. டீசல், டயர் எல்லாம் ஓட்டச் செலவு. கூட்டு, வகு, பதினைந்து மார்க் வாங்கு.

போன செமஸ்டர் விடுமுறையில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் தாய்மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமா இருபது வருஷம் லாரி ஓட்டியவர். பிறகு கடன் வாங்கி ஒரு வண்டி, அப்புறம் இன்னொன்று என்று இரண்டு லாரிக்கு ஓனர் ஆனவர். கணக்கை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, வண்டி ஓடற நேரம் உம்பட புஸ்தகத்துல இருக்குது. நிக்கற நேரம் எங்கடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடித் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் பக்கத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். சேலத்திலிருந்து தெற்கே போனால் நாமக்கல், மேற்கே போனால் சங்ககிரி, இரண்டுக்கும் நடுவில் திருச்செங்கோடு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி. மழையை நம்பிய மானாவாரி பூமி, அதனால் நிலத்தில் போட வேண்டிய காசைச் சக்கரத்தில் போட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1975-ல் நேஷனல் பெர்மிட் வந்த பிறகு இந்த வண்டிகளுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லாமல் போனது. அசாமில் லாரியைப் பார்த்து, "நம்மூர் வண்டி" என்று ஓடிப்போய்ப் பேசியவர்களின் கதை எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே முதலாளி என்பவர் பெரும்பாலும் நேற்றைய டிரைவர். டிரைவராக இருப்பவர் நாளைய முதலாளி, அல்லது அப்படி நம்பிக்கொண்டிருப்பவர். அதனால் 'தொழிலாளி வேகமாகப் போகிறான், முதலாளி அடக்குகிறார்' என்றோ, 'முதலாளி விரட்டுகிறார், தொழிலாளி பலியாகிறான்' என்றோ ஒரே வரியில் கோடு கிழிக்க முடியாது. ஒரே ஆள் ஐந்து வருஷ இடைவெளியில் இரண்டு பக்கமும் பேசுவார். மாமாவே சாட்சி!

இனி வேக வரம்பின் கதை. இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அடுத்தது 1939. அந்த இரண்டாவது சட்டம் வந்த காலத்தில் அரசாங்கத்தின் பெரிய கவலை வேகம் இல்லை, ரயிலுக்கு லாரி போட்டியாகிவிடக் கூடாது என்பதுதான். பெர்மிட் முறை கெட்டிப்பட்டது அப்போதுதான். வேக வரம்பும் சட்டத்தில் இருந்தது, ஆனால் ரொம்ப காலத்துக்கு அது ஒரு அலங்காரம். மாமா கிளீனராக ஏறிய காலத்து லாரிகள் சுமையோடு ஐம்பதைத் தொட்டாலே பெரிய விஷயம். ஒற்றைச் சாலை, இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் மாட்டுவண்டி. ஸ்பீடாமீட்டர் முள் பல வண்டிகளில் செத்துப்போய்க் கிடக்கும், யாரும் மாற்றமாட்டார்கள். எதற்கு மாற்ற வேண்டும்? சட்டம் சொன்ன வேகத்தை எட்டத்தான் வண்டி முக்கிக்கொண்டிருந்தது. அப்போது டிரைவரின் பெருமை வேகத்தில் இல்லை, லோடோடு மேட்டில் நிற்காமல் ஏற்றுவதில்தான் என்பார் மாமா.

நிலைமை மாறியது நாலு வழிச் சாலை வந்த பிறகு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வடக்கு-தெற்கு வழித்தடம் சேலம், நாமக்கல் வழியாகத்தான் போகிறது. அதிலிருந்து கொச்சிக்குப் பிரியும் கிளை சேலத்தில் ஆரம்பித்து சங்ககிரி வழியாகப் போகிறது. பழைய என்.எச். 7 இப்போது 44, பழைய 47 இப்போது 544. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இரண்டும் நாலு வழியானபோது எங்கள் பக்கத்து லாரிகளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எண்பது, தொண்ணூறு போக வழி கிடைத்தது. எஞ்சினும் பெரிதாகிவிட்டது. கூடவே டோல்கேட்டும் வந்தது, வங்கிக் கடனும் ஏறியது. வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். நம் பாடப்புத்தக மொழியில் சொன்னால், நிலைச் செலவு அதிகமானால் டிரிப் எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும்.

இங்கே ஒரு குழப்பம். வேகமாகப் போனால் முதலாளிக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் ஆரம்பித்தேன். மாமா சிரித்தார். "எம்பதுல போனா டீசலை அவனா ஊத்தறான்? நாந்தான ஊத்தறேன்!" பிசிக்ஸ் படிக்கும் நண்பனைக் கேட்டேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுமாம். அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்று தள்ளும் விசையோ கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. பிரேக் அடித்து நிறுத்த வேண்டிய ஆற்றலும் அதே 1.8 மடங்கு. டீசலும் டயரும் கரைவது முதலாளி கணக்கில். அதனால் லாரி முதலாளிகளில் யாரைக் கேட்டாலும், "மெதுவாப் போங்கன்னுதான் நாங்க சொல்றோம்" என்பார்கள். பொய்யும் இல்லை. மனதாரத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதாவது ஸ்பீடு கவர்னரை, அவர்கள் இரண்டு கையும் நீட்டி வரவேற்றிருக்க வேண்டும் அல்லவா? வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1997 நவம்பர் 18 அன்று டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து குழந்தைகள் பலர் இறந்தார்கள். இரண்டே நாளில், எம்.சி. மேத்தா தொடுத்திருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், டெல்லியில் ஓடும் கனரக வாகனங்கள் 40 கி.மீ.க்கு மேல் போக முடியாதபடி கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தேசம் முழுக்க இதற்கு ஏற்கெனவே ஒரு விதி உண்டு. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118-வது விதி. ஆனால் அதில் ஒரு வசதி: எந்த வண்டிக்கு, எந்தத் தேதியிலிருந்து என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். மாநிலங்கள் தள்ளிப்போட்டன. கடைசியில் 2015 ஏப்ரலில் மத்திய அரசு விதியையே மாற்றி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வண்டிகள் 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி தொழிற்சாலையிலேயே கட்டுப்படுத்தி அனுப்ப வேண்டும் என்றது. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துக்கு 60. 2018 ஏப்ரலில் வந்த அறிவிக்கையும் சரக்கு வண்டிக்கு நாலு வழிச் சாலையில் 80, மற்ற சாலைகளில் 60 என்று உச்ச வரம்பு வைத்தது.

பழைய வண்டிகள் விஷயத்தில்தான் சண்டை. 2020 டிசம்பரில் தமிழ்நாட்டு லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று, ஸ்பீடு கவர்னர், ஜி.பி.எஸ்., ஒளிரும் ஸ்டிக்கர் இவற்றைக் குறிப்பிட்ட சில நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பதைக் கைவிடு என்பது. கவனியுங்கள், விவாதம் வேகத்தைப் பற்றி இல்லை. பெட்டியை யார் விற்கிறார்கள், என்ன விலை, எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதைப் பற்றி. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பாதுகாப்புக் கருவி எஃப்.சி. சடங்குகளில் ஒன்றாகிவிட்டால், அன்றைக்கு மாட்டிக் காட்டிவிட்டு அடுத்த நாள் வயரைப் பிடுங்கிவிடத்தான் தோன்றும். எங்கள் பக்கம் இதை மறைத்துப் பேசுவார் யாரும் இல்லை.

டிரைவர்கள் என்ன சொல்கிறார்கள்? எங்கள் தெருவில் மூன்று பேரிடம் பேசினேன். மூவருமே கருவியை வெறுக்கிறார்கள், காரணம்தான் வேறு வேறு. ஒருவர், ஓவர்டேக் பாதியில் வண்டி இழுக்காமல் போனால் எதிரே வருபவனுக்கு யார் பதில் சொல்வது என்றார். இன்னொருவர், கார்க்காரன் நூற்று இருபதில் போகும் ரோட்டில் என்னை மட்டும் கட்டிப்போடுவது என்ன நீதி என்றார். மூன்றாமவர் வயதில் மூத்தவர். அவர் சொன்னது: "எனக்கும் அறுவதுல போகத்தான் கண்ணு ஆசை. அறுவதுல போனா வூட்டுக்கு எப்ப வர்றது?"

வீட்டுக்கு வருவது. இந்த விஷயம் கூலி கொடுக்கும் முறையில் ஒளிந்திருக்கிறது. நெடுந்தூர லாரிகளில் மாதச் சம்பளம் மட்டும் வாங்குபவர்கள் குறைவு. டிரிப்புக்கு இவ்வளவு படி, அல்லது வாடகையில் ஒரு பங்கு. டீசலுக்கும் கணக்கு உண்டு: இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர், மிச்சம் பிடித்தால் உனக்கு. ஆக டிரைவருக்கு இரண்டு கயிறு. ஒரு கயிறு 'சீக்கிரம் முடி, அடுத்த டிரிப் ஏறு' என்று முன்னே இழுக்கிறது. இன்னொன்று 'டீசலை மிச்சம் பிடி' என்று பின்னே இழுக்கிறது.

அந்த இரண்டாவது கயிறு நல்லதுதானே என்று தோன்றும். தொப்பூர் கணவாய்க்குப் போய்ப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் போட்டு இறக்குவது பழைய வழக்கம். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிச் செயலிழக்கும். நியூட்ரலில் இறக்காதே, கியரில் இறக்கு என்று அங்கே எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2020 டிசம்பர் 12 அன்று அந்த இறக்கத்தில் ஒரு லாரி, முன்னால் நின்றிருந்த வாகனங்கள் மீது வரிசையாக மோதியதில் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மெதுவாகப் போகச் சொல்லும் அதே சிக்கனம் இறக்கத்தில் வண்டியைக் கட்டவிழ்த்து விடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். நிற்கும் நேரம் எங்கே?

வாளையார் என்று சொன்னால் போதும், எங்கள் பக்கத்தில் டிரைவர்கள் முகம் மாறும். கேரள எல்லைச் சோதனைச் சாவடி. பில்லைக் காட்டி முத்திரை வாங்க வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். 2015 ஏப்ரலில் அந்தத் தாமதத்துக்காகவே லாரிக்காரர்கள் வாளையார் வழியாக ஓட்டமாட்டோம் என்று போராடினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளை எடுத்த பிறகுதான் அது ஓய்ந்தது. ஒரு ராத்திரியை வாளையாரில் தொலைத்தவன் அதை எங்கே ஈடுகட்டுவான்? கோவை-சேலம் ரோட்டில்தான். சாவடி போனாலும் லோடு ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் அப்படியேதான் இருக்கின்றன. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை சுமார் 340 கி.மீ. அறுபதிலேயே போனால் 5 மணி 40 நிமிஷம். எண்பதிலேயே போனால் 4 மணி 15 நிமிஷம். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அப்படிப் போய்ச் சேர்ந்த வண்டி இறக்க ஆளில்லாமல் குடோன் வாசலில் ஒரு பகல் முழுக்க நிற்கும். அந்தக் காத்திருப்புக்கு யாரும் கூலி கேட்பதில்லை, கேட்டாலும் லேசில் கிடைப்பதில்லை.

சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் ஒன்று உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 183-வது பிரிவு. முதல் உட்பிரிவு, வேகமாக ஓட்டும் டிரைவருக்கு 400 ரூபாய் வரை அபராதம் என்றது. இரண்டாவது, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைப்பவருக்கு 300 ரூபாய் வரை. ஓட்டியவனை விட ஓட்ட வைத்தவருக்கு நூறு ரூபாய் தள்ளுபடி! முப்பது வருஷம் இப்படியே இருந்தது. 2019 திருத்தம்தான் இரண்டு பேரையும் ஒரே வரியில் சேர்த்து, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்றாக்கியது.

அதை விட முக்கியம் நான்காவது உட்பிரிவு. இந்தப் பயணத்தை இந்த நேரத்துக்குள் முடி என்று ஒருவர் கட்டளையிட்டு, வேக வரம்பை மீறாமல் அதை முடிப்பது நடைமுறையில் ஆகாது என்று நீதிமன்றம் கருதினால், அந்தக் கட்டளையே குற்றத்துக்கு முதல்நிலை ஆதாரம். 1939 சட்டத்திலேயே இதே ஏற்பாடு இருந்தது. அதாவது வேகம் ஆக்சிலேட்டரில் ஆரம்பிப்பதில்லை, லாரி ஆபீஸ் மேசையில் ஆரம்பிக்கிறது என்பது எண்பது வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். நான் விசாரித்த எந்த டிரைவருக்கும், எந்த ஓனருக்கும் தெரியவில்லை.

வேலை நேரச் சட்டத்தின் கதையும் இதே ரகம். 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், நெடுந்தூரமானால் அனுமதியோடு பத்து என்று வரையறுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளிகளுக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் சங்ககிரிக்காரரை அது எப்படித் தொடும்? 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து அந்தப் பழைய சட்டத்தைத் தமக்குள் இழுத்துக்கொண்டன.

வெளிநாட்டில் கூலியிலேயே கை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வருமானால், ஓடிய தூரத்துக்கோ கொண்டுசேர்த்த வேகத்துக்கோ டிரைவருக்குக் காசு தரக் கூடாது. ஆஸ்திரேலியா 2012-ல் லாரி டிரைவர்களின் ஊதியத்தைப் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்கத் தனித் தீர்ப்பாயமே வைத்தது. 2016-ல் அதை மூடினார்கள். மூடச் சொல்லி எதிர்த்தவர்களில் சொந்தமாக ஒற்றை லாரி வைத்து ஓட்டுபவர்கள் ஏராளம். குறைந்தபட்ச வாடகை நிர்ணயித்தால் பெரிய கம்பெனிகளுக்கே லோடு போய்விடும் என்று பயந்தார்கள். படித்தபோது சங்ககிரி டீக்கடையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

கண்காணிப்பு முழுசாக வந்தால் சரியாகிவிடுமா என்றால், நாமக்கல் கேஸ் டேங்கர்களைச் சொல்லலாம். ஆயில் கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் ஓடும் இந்த வண்டிகள் எங்கே, எந்த வேகத்தில் போகின்றன என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடுகிறார்கள். அங்கே வேகம் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச் கடைசியில் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எதிர்த்த புதிய நிபந்தனைகளில் ஒன்று, வண்டியில் மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்பது. வேகத்தைக் கட்டினால் நேரம் நீள்கிறது. நேரம் நீண்டால் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் கூலியை யார் தருவது என்பதில் வந்து நிற்கிறது சண்டை.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு ராத்திரி படித்துக் காட்டினேன். நான்காவது உட்பிரிவு வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

2012-ல் அவருடைய வண்டி ஒன்று காய்கறி லோடோடு சென்னை போகும்போது, விடியற்காலையில், ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. கிளீனர் பையன் அங்கேயே இறந்துபோனான். டிரைவர் மேல் வழக்கு, லைசென்ஸ் போயிற்று. வண்டிக்கு இன்சூரன்ஸ் வந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. அன்று லோடு ஏற்றுவது இரண்டு மணி நேரம் தாமதமாகிப் பன்னிரண்டரைக்குத்தான் வண்டி கிளம்பியது என்பதும், ஐந்து மணி மார்க்கெட்டைப் பிடிக்கச் சொல்லி மாமா மூன்று தடவை போன் பண்ணினார் என்பதும் அன்று ராத்திரி அவர் சொல்லித்தான் தெரியும். நோட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலரை மணி நேரத்தில் 340 கி.மீ. என்றால் டீக்குக்கூட நிற்காமல் சராசரி 75.

"மெதுவாப் போடான்னுதான் மாப்ள ஒவ்வொரு தடவையும் ஆரம்பிச்சேன்" என்றார். "போலீஸ்ல, கோர்ட்ல, இன்சூரன்ஸ்ல, ஒருத்தரும் எம்பட போனைப் பத்திக் கேக்கவேயில்ல."

மறுநாள் காலை அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விஜயவாடாவிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டி. "மெதுவா வா சாமி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அப்புறம் பழக்க தோஷத்தில், "எங்க வந்துட்டிருக்கற?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.